விலங்குத் துணை (பாத்திர விளையாட்டு)

விலங்குத் துணை என்பது மேசைப் பாத்திர விளையாட்டுகளில் ஆட்டக்காரரின் கேரக்டரோடு கூடவே திரிந்து, ஏவினால் சண்டையும் போடும் நாய், ஓநாய், குதிரை, கரடி, பருந்து போன்ற விலங்கைக் குறிக்கும். மந்திரவாதியின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையும் கருப்புப் பூனையும் இதில் சேரா. அவை பாதி மந்திரம், எஜமானின் மனத்தோடு பிணைக்கப்பட்டவை. விலங்குத் துணை அசல் விலங்கு. அதற்குப் பசிக்கும், வலிக்கும், கண்டதைக் கண்டால் மிரளும்.

ஓநாய் மானைத் துரத்தும், மனிதனையும் கடிக்கும். கல்லறையிலிருந்து எழுந்து வரும் எலும்புக்கூட்டின் மேல் பாயுமா? பாயும் என்று சொன்னால் அது விலங்கே இல்லை, ஆட்டக்காரர் கையில் இன்னொரு ஆயுதம். பாயாது என்று சொன்னால் அரக்கரும் பேய்களும் நிறைந்த ஆட்டத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தச் சிக்கலுக்கு விதிநூல்கள் ஐம்பது ஆண்டுகளாக வெவ்வேறு பதில்கள் சொல்லி வந்திருக்கின்றன. அவற்றுள் 2003இல் அச்சான ஒரு சிறு விதி, யானையும் குதிரையும் பழக்கியவர்கள் காலங்காலமாக அறிந்திருந்ததற்கு மிக அருகில் வந்தது. பின்னால் வந்த பதிப்புகள் அதைக் கைவிட்டன. விளையாட்டுக்கு அது நஷ்டமே.

கோவேறு கழுதைக் காலம்

பாத்திர விளையாட்டு போர் விளையாட்டின் பிள்ளை. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்', பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான நூல். அதன் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் நுழைந்தார்கள். அதே சமயத்தில் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களுக்கு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்டது. மூன்று சிறு புத்தகங்கள், ஒரு பெட்டி, முதல் அச்சு 1000 பிரதிகள்.

அந்த மூன்று புத்தகங்களில் விலங்கு என்றால் பெரும்பாலும் சுமை தூக்கும் விலங்குதான். பாதாள அறைகளுக்குள் இறங்கும் அளவுக்குச் சுறுசுறுப்பானது என்று கோவேறு கழுதைக்கு மட்டும் ஒரு நற்சான்று உண்டு. இது அலங்காரத்துக்காக எழுதப்பட்ட வரி இல்லை. ஆட்டத்தின் பரிசே பாதாளத்தில் கிடைக்கும் தங்கம்தான். அதை மேலே கொண்டுவர முதுகு வேண்டும். இருட்டில் பிணந்தின்னிகள் எதிர்ப்பட்டால் கழுதை என்ன செய்யும் என்பதை நூல் சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

துணையாக விலங்கு வந்தது சற்றுப் பிறகு. 1975இல் 'கிரேஹாக்' துணைநூலில் பாலடின் என்னும் புனிதவீரருக்குத் தனிப் போர்க்குதிரை கிடைத்தது. காட்டுக்காவலரான ரேஞ்சர் வகையை அதே ஆண்டு ஜோ ஃபிஷர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அறிமுகம் செய்தார். காட்டுப் பூசாரியான ட்ரூயிட் 1976இல் ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ளக்கூடிய வகையானார். 1978இல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் ட்ரூயிட்டுக்கு விலங்கை நட்பாக்கும் மந்திரம் ஒன்று இருந்தது. நட்பான விலங்குக்கு அதன் அறிவு எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று வித்தை வீதம் கற்றுத்தரலாம். ஒரு வித்தைக்கு ஒரு வாரம். எல்லாம் மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். பின்னால் வந்த அத்தனை விதிகளுக்கும் இதுதான் விதை.

விலங்கின் குணம் அரக்கர் பக்கத்தில் மட்டும் நன்றாகவே கவனிக்கப்பட்டது. 1977இல் வெளியான அரக்கர் தொகுப்பில் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினுக்குப் பிடித்த உணவு குதிரை. அதன் மேல் சவாரி செய்பவர் குதிரைப்படைக்குப் பக்கத்தில் போனால் தொலைந்தார். 1981இல் டாம் மோல்ட்வே திருத்திய 'பேசிக்' பதிப்பு ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனோதிட எண் கொடுத்தது. இரண்டு பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடிவிடுவான். செத்தும் நடமாடும் எலும்புக்கூட்டுக்கும் சோம்பிக்கும் 12. அவை ஓடவே ஓடா. பூதம் பயப்படுவதற்குக் கணக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர் காசு கொடுத்து வாங்கிய காவல் நாய் எப்போது வாலைச் சுருட்டும் என்பது இன்னமும் நடத்துபவரின் மனம்போலத்தான்.

இரண்டு முறை கற்கும் வித்தை

டிஎஸ்ஆரை வாங்கிய விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000இல் மூன்றாம் பதிப்பையும், 2003இல் அதன் திருத்தமான 3.5ஐயும் வெளியிட்டது. எதற்கும் பகடை, எதற்கும் எண் என்ற கொள்கை கொண்ட பதிப்பு அது. 3.5இல் விலங்குத் துணை மந்திரத்தின் விளைவாக இல்லாமல் ட்ரூயிட், ரேஞ்சர் வகைகளின் நிரந்தர உரிமையாயிற்று. விலங்கைக் கையாளும் திறனின் கீழ் வித்தைகள் பெயரோடு பட்டியலாயின: தாக்கு, வா, காப்பாற்று, விட்டுவிடு, எடுத்து வா, காவல் இரு, கூடவே வா, வேடிக்கை காட்டு, தேடு, அங்கேயே நில், மோப்பம் பிடி, வேலை செய். மொத்தம் 12. அறிவு எண் 1 உள்ள விலங்கு மூன்றும், 2 உள்ளது ஆறும் கற்கலாம். ஒன்றுக்கு ஒரு வாரம் என்ற 1978இன் கணக்கு மாறவில்லை.

இதில் 'தாக்கு' வித்தைக்கு ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். சாதாரணமாக விலங்கு மனிதரையும், மனிதரைப் போன்ற உருவங்களையும், ராட்சத மனிதரையும், பிற விலங்குகளையும் மட்டுமே தாக்கும். செத்தும் நடமாடுபவை, இயற்கைக்கு ஒவ்வாத விபரீத ஜந்துக்கள் உட்பட எல்லாவற்றையும் தாக்க வேண்டுமானால் அதை இன்னொரு முறை கற்பிக்க வேண்டும். அது இரண்டு வித்தையாகக் கணக்கில் ஏறும்.

மேசையில் இது எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு ட்ரூயிட்டை வைத்துப் பார்க்கலாம். முதல் நிலை, கவர்ச்சி எண் 12, கையாளும் திறனில் 4 புள்ளி, சொந்தத் துணை என்பதற்கான சலுகை 4. எல்லாம் சேர்த்து இருபது முகப் பகடையில் விழுவதோடு 9 கூட்டிக்கொள்ளலாம். கூட இருப்பது ஓநாய். மனித உருவம் கொண்ட கோப்ளின் ஒன்று புதரிலிருந்து குதிக்கிறது. 'தாக்கு' என்கிறார். தெரிந்த வித்தையை ஏவ 10 போதும். பகடையில் 1 விழுந்தாலும் 10 வந்துவிடும். ஓநாய் பாய்கிறது. அடுத்த அறையில் எலும்புக்கூடு எழுந்து நிற்கிறது. ஓநாய் ஒரு முறை மட்டுமே 'தாக்கு' கற்றிருந்தால் அது கற்றிராத காரியத்துக்கு அதை வற்புறுத்த வேண்டும், அதற்கு 25 வேண்டும். பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. கோப்ளினோடு நடந்த சண்டையில் ஓநாய்க்குக் காயம் பட்டிருந்தால் இன்னும் 2 கூடும். 18, 19, 20 மட்டுமே உதவும். மற்ற மூன்று பேர் கத்தியை வீசிக்கொண்டிருக்க, ட்ரூயிட் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டிக் கெஞ்சிக்கொண்டிருப்பார். ஓநாய் காதை மடக்கிக்கொண்டு நிற்கும்.

பயம் என்ற சொல் விதியில் எங்கும் வருவதில்லை என்பதே இதன் நேர்த்தி. விலங்கு கோழை என்று அது சொல்லவில்லை. எதை எதிரி என்று கொள்வது என்பதை விலங்குக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. அனுபவசாலி ஆட்டக்காரர்கள் முதல் நாளே ஏழு இடத்தில் (ஆறு அறிவினால், ஒன்று துணைக்கான சலுகையாக) இரண்டை இதற்கு ஒதுக்கிவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் எலும்புக்கூட்டைச் சந்திக்கும் வரை இந்த நிபந்தனையைப் படித்திருக்க மாட்டார்கள்.

பட்டியலின் எல்லைக்கோடு விசித்திரமான இடங்களிலும் ஓடுகிறது. ராட்சதச் சிலந்தி இந்த விதியில் விலங்கு அல்ல, பூச்சியினம். ஆகவே ஒருமுறை பழகிய நாய் அதன் மேல் பாயாது. வீட்டுச் சிலந்தியைக் கண்ட நாய் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் சிரிக்கலாம். காளைத்தலை மினோட்டார் மனித உருவம் என்பதால் கடிக்கத் தடையில்லை. டிராகன் கிடையாது.

ராட்சசன் கணக்கு இன்னும் சுவையானது. இந்தியப் புராணத்திலிருந்து போன இந்தப் பாத்திரம் 1977இன் அரக்கர் தொகுப்பிலேயே இருக்கிறது, ஆனால் நேரே ராமாயணத்திலிருந்து போகவில்லை. 1974இல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயம் வழியாகப் போயிற்று. டேவ் டிராம்பியர் வரைந்த படத்தில் அவர் புலித்தலையோடு, மேலங்கி போட்டு, புகைக்குழாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நமக்குத் தெரிந்த அரக்கர் எவரும் அப்படி உட்கார்ந்ததில்லை. 3.5 விதிப்படி ராட்சசன் வேற்றுலகப் பிறவி. எனவே அவர் மேல் பாய நாய்க்கு இரண்டாம் 'தாக்கு' வேண்டும். ஆனால் ராட்சசன் மனித வேடத்தில் வருபவர். வேடத்தை நம்பி நாய் பாய்ந்தால் அது ஒரு வித்தையா, இரண்டா? மோப்பத்தில் புலி வாடை அடித்தால்? விதிநூல் இங்கே வாயைத் திறப்பதில்லை, மேசைக்கு மேசை தீர்ப்பு மாறும்.

பகடைக்கு முந்தைய சாட்சிகள்

விதியை எழுதியவர்கள் எந்தப் பழைய நூலைப் புரட்டினார்களோ, புரட்டாமலேயே எழுதினார்களோ, பழைய நூல்கள் அவர்கள் பக்கம்தான். கி.மு. 546 வாக்கில் சார்டிஸ் நகருக்கு முன்னே லிடிய மன்னன் குரோயசஸின் குதிரைப்படையை எதிர்த்தபோது, பாரசீகத்தின் சைரஸ் தம் சுமை ஒட்டகங்களை முன்வரிசையில் நிறுத்தினார் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஒட்டகத்தின் உருவமும் வாடையும் தாங்காமல் குதிரைகள் திரும்பிவிட்டன. மனிதனை மிதிக்கப் பழகிய குதிரைகள்தாம் அவை. ஒட்டகம் அவற்றின் பட்டியலில் இல்லை. கி.மு. 217இல் ரஃபியா போரில் எகிப்தின் ஆப்பிரிக்க யானைகளில் பல, எதிரே நின்ற இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் கண்டு ஒதுங்கின என்று பொலிபியஸ் எழுதுகிறார். குதிரை பழக்குவது பற்றி எழுதிய செனோஃபோன், மிரண்ட குதிரையை அடித்து முன்னே தள்ளாதே, அடித்தால் மிரட்டிய பொருளோடு வலியும் சேர்ந்துகொள்ளும் என்ற கருத்தில் எச்சரிக்கிறார். வற்புறுத்தலுக்கு 25 வைத்தவர்களும் இதைத்தான் எண்ணாக்கினார்கள்.

எல்லாவற்றிலும் நெருக்கமான சாட்சி நம்முடையது. மைசூரில் சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம் யானைகளை நான்கு வகையாக்குகிறது: பழக்கத்தக்கது, போருக்குப் பழகியது, சவாரிக்கானது, முரடு. இதில் போர் யானைக்கான பயிற்சி ஏழு. உபஸ்தானம், சம்வர்த்தனம், சம்யானம், வதாவதம், ஹஸ்தியுத்தம், நகராயணம், சாங்கிராமிகம். எழுவது, குனிவது, தாண்டுவது போன்ற அணிப்பயிற்சி முதலாவது. மிதித்துக் கொல்வது நான்காவது. இன்னொரு யானையோடு மோதுவது ஐந்தாவது. கோட்டையையும் நகரத்தையும் தாக்குவது ஆறாவது. மிதித்துக் கொல்லப் பழகிய யானை தானாகவே யானைமேல் பாயும் என்று கௌடில்யர் நம்பவில்லை, அதைத் தனிப் பாடமாக வைத்தார். 'தாக்கு' இரண்டு வித்தையாகக் கணக்காவதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

லோதி ரோடு

பழகாததைக் கண்டு படை விலங்கு பின்வாங்கிய கதைகளில் இரண்டு டெல்லியைச் சேர்ந்தவை. 1398 டிசம்பர் 17 அன்று நகரத்துக்கு வெளியே துக்ளக் சுல்தான் நாசிருத்தீன் மகமூதின் படையைத் தைமூர் சந்தித்தார். யானைகளைப் பார்த்திராத தைமூரின் ஆட்களுக்கே உதறல். நீங்கள் எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்று கூட வந்த கல்விமான்களைக் கேட்டதற்கு, பெண்கள் இருக்கும் இடத்தில் என்று அவர்கள் சொன்னதாகக் கதை உண்டு. தைமூர் அகழி வெட்டினார், முள் இரும்புகளைப் பரப்பினார், எருமைகளைப் பிணைத்து நிறுத்தினார். ஒட்டகங்கள் மேல் வைக்கோலை ஏற்றித் தீ வைத்து யானைகளை நோக்கி விரட்டினார் என்பது 1404இல் சமர்கந்துக்குப் போன ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ கேட்டு எழுதியது. எரியும் ஒட்டகத்தை எந்த யானைக்கொட்டிலிலும் எவரும் பாடமாக வைத்திருக்க மாட்டார்கள். யானைகள் திரும்பி ஓடின.

இரண்டாவது, லோதி வம்சத்தின் முடிவு. 1526 ஏப்ரல் 21 அன்று பானிபட்டில் இப்ராஹிம் லோதியிடம் ஒரு லட்சம் ஆட்களும் சுமார் ஆயிரம் யானைகளும் இருந்ததாக பாபர் மதிப்பிட்டார். பாபரிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர், கூடவே பீரங்கிகளும் துப்பாக்கிகளும். வெடிச்சத்தத்தில் யானைகள் மிரண்டு சொந்தப் படையையே மிதித்தன என்று பாடநூல்கள் எழுதுகின்றன; பாபரின் சொந்தக் குறிப்புகள் அதைவிடப் பக்கவாட்டுத் தாக்குதலுக்கே அதிக இடம் தருகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நியாயம். இப்ராஹிம் தம் தந்தை சிக்கந்தருக்கு 1517ஐ ஒட்டி எழுப்பிய கல்லறை இன்றும் லோதி பூங்காவில் இருக்கிறது. 1936இல் லேடி வில்லிங்டன் பெயரில் திறக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் பெயர் மாறிய அந்தப் பூங்காவை ஒட்டித்தான் லோதி ரோடு போகிறது. காலையில் அங்கே நடைபோகும் நாய்களில் பல, மயில் அகவினால் எஜமானின் காலுக்குப் பின்னால் போய் நிற்கும் ஜாதி.

சாலையின் கிழக்கு முனையில் உள்ள மத்திய அரசு அலுவலக வளாகமான சிஜிஓ காம்ப்ளக்ஸில் வேறு ஜாதி நாய்களின் கோப்புகள் இருக்கின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், இந்தோ திபெத் எல்லைப் போலீஸ், சிஐஎஸ்எஃப் ஆகியவற்றின் தலைமையகங்கள் அங்கே. எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் குவாலியர் அருகே டேகன்பூரில் நாய்ப் பயிற்சி மையம் நடத்துகிறது. சிஆர்பிஎஃப்பின் நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி பெங்களூரு பக்கம் தரலுவில். இப்பள்ளிகளில் வித்தைகள் நாய்க்கு நாய் பிரிக்கப்படுகின்றன. தடம் பிடிக்கும் நாய் வேறு, ஆளைப் பாய்ந்து பிடிக்கும் நாய் வேறு, வெடிமருந்து மோப்பம் பிடிக்கும் நாய் வேறு. வெடிமருந்து நாய் பொருளைக் கண்டதும் அசையாமல் உட்கார வேண்டும். குரைப்பதும் கால் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. கண்டதும் பாய்வது ஒருவனுக்குப் பாடம், கண்டதும் உட்கார்வது இன்னொருவனுக்கு. விதிநூலின் 12 வித்தைகளில் இந்த இரண்டாவதற்கு நேரான ஒன்று இல்லாதது ஆச்சரியம்தான், பாதாள அறைகளில் பொறிகளுக்குப் பஞ்சமில்லை.

அதே வளாகத்தில்தான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பர்யாவரண் பவன் இருந்தது. 2014இல் பக்கத்து ஜோர் பாக்குக்கு மாறியது. யானைத் திட்டம் 1992இல் தொடங்கியபோது அமைச்சகத்தின் முகவரி லோதி ரோடு. காட்டு யானையும் மனிதரும் மோதும் சம்பவங்களுக்கு வழி தேடுவது அத்திட்டத்தின் வேலைகளில் ஒன்று. அந்த மோதலின் முன்வரிசையில் நிற்கும் விலங்கு தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

கும்கி

முதுமலை தெப்பக்காடு முகாமிலும் ஆனைமலை கோழிகமுத்தி முகாமிலும் வளர்க்கப்படும் யானைகள் எல்லாம் கும்கி அல்ல. மரம் இழுத்த, ரோந்து போகும், சவாரி தூக்கிய யானைகள் பல. அவற்றிலிருந்து துணிச்சலும் உடற்கட்டும் பார்த்துச் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, காட்டு யானையின் எதிரே நிற்கப் பழக்குகிறார்கள். மயக்க ஊசி போட்ட காட்டு யானை அரைத் தூக்கத்தில் தள்ளாடும்போது இரு பக்கமும் கும்கிகள் தோள் கொடுத்து நிற்கும். அந்த இடைவெளியில்தான் பாகன்கள் புகுந்து காலில் கயிறு போடுவார்கள். பின்னாலிருந்து முட்டித் தள்ளி லாரியில் ஏற்றுவதும் கும்கியே. ஒரு கும்கி அந்த நேரத்தில் ஓர் அடி ஒதுங்கினால் கயிறு போடுபவர் போய்விடுவார். மதம் பிடிக்கும் பருவத்தில் கும்கியை இந்த வேலைக்குக் கொண்டுபோவதில்லை.

கோழிகமுத்தியின் கலீம் இவ்வகையில் பெயர் பெற்றது. 99 நடவடிக்கைகளில் பங்கேற்று, 60 வயதில், 2023 மார்ச்சில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. கோவை, உடுமலை வட்டாரத்தில் 2019இல் செய்தியாக இருந்த சின்னத்தம்பி யானையைப் பிடிக்கும் வேலையிலும் அது இருந்தது.

பழகாத யானையைக் கும்கி என்று சொல்லிக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் பிரபு சாலமன் இயக்கி 2012இல் வெளியான 'கும்கி' படத்தின் கதை. ஊருக்குள் நல்ல பெயர் எடுத்த மாணிக்கம் என்ற யானையை, கொம்பன் என்ற காட்டு யானை அட்டகாசம் செய்யும் மலைக்கிராமத்துக்குப் பாகன் அழைத்துப் போகிறான். கல்யாணத்திலும் திருவிழாவிலும் நிற்கப் பழகிய யானைக்குக் கொம்பன் அதன் பட்டியலில் இல்லாத எதிரி. காதல் கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒருமுறை மட்டுமே கற்ற 'தாக்கு' பற்றி எடுக்கப்பட்ட ஒரே தமிழ்ப்படம் இதுவாகத்தான் இருக்கும்.

பயம் கழிந்த பதிப்புகள்

2003இன் விதியை முதலில் காப்பாற்றியவர்கள் எதிர்முகாமினர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2008இல் நான்காம் பதிப்புக்குத் தாவியபோது பெய்ஸோ நிறுவனம் 3.5ஐ அடிப்படையாக வைத்து 2009இல் 'பாத்ஃபைண்டர்' வெளியிட்டது. இரண்டு முறை கற்கும் 'தாக்கு' அதில் அப்படியே தொடர்ந்தது. கூடவே புது வழக்கும் வந்தது. துணை விலங்கு வளரும்போது கிடைக்கும் திறன் உயர்வை அறிவில் போட்டு 2ஐ 3 ஆக்கினால், இனி அது மிருகம் இல்லை, பேச்சு புரியும், வித்தைக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஆட்டக்காரர்கள் வாதாடினார்கள். அறிவு வளர்ந்தாலும் ஏவித்தான் ஆக வேண்டும் என்று நடத்துபவர்கள் மறுத்தார்கள். ஓநாய்க்கு எழுத்தறிவு கொடுத்தாவது அந்த இரண்டாம் வித்தையை மிச்சப்படுத்தப் பார்த்தார்கள் என்பதிலிருந்தே அது எவ்வளவு உறுத்தியது என்று தெரிகிறது.

நான்காம் பதிப்பில் ரேஞ்சரின் துணை 2008இல் ஒரு துணைநூலோடு வந்தது. ஏவினால் அடிக்கும், எதிரே யார் என்ற கேள்வி இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சரின் விலங்கும் அப்படியே. ஆனால் அதை அடிக்கச் சொல்ல ரேஞ்சர் தம் சொந்த வாய்ப்பைச் செலவழிக்க வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களின் புகார் முழுவதும் இந்தச் செலவைப் பற்றியதாயிற்று, விலங்கின் மனத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. 2020இல் வந்த 'டாஷா' நூல் செலவைக் குறைத்ததோடு விலங்கையே மாற்றிவிட்டது. நிலம், கடல், வானம் என்று மூன்று அச்சில் வார்த்த ஆதி மிருகம் ஒன்று வந்தது. செத்தால் மந்திர சக்தி கொஞ்சம் செலவழித்து ஒரு நிமிடத்தில் எழுப்பிவிடலாம். 2024இன் புதிய கையேட்டிலும் அதுவே. செத்து எழும் ஓநாய் எலும்புக்கூட்டைக் கண்டு எதற்கு மிரள வேண்டும்? கோவேறு கழுதையில் தொடங்கிய வரிசை, ஆரம்பத்தில் விலக்கி வைத்த மந்திரப் பூனையிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

வசதிக்காகச் செய்தார்கள், அது புரிகிறது. நாலு பேர் உட்காரும் மேசையில் ஒருவர் மட்டும் தம் ஓநாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குப் பொறுக்காது. ஆனால் துணை மிரளக்கூடியது என்பதால்தான் அது பாயும் தருணத்துக்கு மதிப்பு இருந்தது. ஆறு வாரம் ஒதுக்கிப் போருக்குப் பழக்கிய குதிரைக்கும் சந்தையில் வாங்கிய குதிரைக்கும் 3.5இல் இருந்த வித்தியாசம் (பழகாததைச் சண்டையில் அடக்க 20 வேண்டும், தவறினால் அந்தச் சுற்றே போச்சு) இப்போது பெரும்பாலும் விலையில் மட்டும் தெரிகிறது.

பழைய பாணி ஆட்டங்களை மீட்டெடுக்கும் இயக்கத்தில் மனோதிட எண் திரும்பி வந்திருக்கிறது. 2019இல் வெளியான 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' 1981இன் இரண்டு பகடைக் கணக்கையே வைத்திருக்கிறது. பெரிய ஆட்டங்களிலும் மிரட்சி முழுதாகத் துடைக்கப்படவில்லை, மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஏவப்படாத துணை தன்னைக் காத்துக்கொள்ளவோ கண்ணெதிரே தெரியும் ஆபத்திலிருந்து தப்பவோ மட்டும் முயலும். ஐந்தாம் பதிப்பின் சவாரி விதிகளில் கடிவாளத்துக்கு அடங்கிய குதிரை ஓடலாம், விலகலாம், ஒதுங்கலாம், தாக்க முடியாது. தாக்க வேண்டுமானால் அதைத் தன்னிச்சைக்கு விட வேண்டும், தன்னிச்சைக்கு விட்டால் அது சண்டையை விட்டே ஓடலாம் என்று நூலே சொல்கிறது. எதிரே வருவது கோப்ளினா, கல்லறைப் பிணமா என்று பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு அங்கே, 1974இல் இருந்தது போலவே, டன்ஜன் மாஸ்டருடையது.